பழைய விசுவாசமா, சபையா, விலகலா, மறுபடி யோசிப்பதா?

யாழ்ப்பாணத்தில் வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராகப் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இன்றைக்கு நாலு வழி இருக்கிறது. ஞானோபதேசத்தில் (பிள்ளைகளுக்கான மறைக்கல்வி வகுப்பில்) படித்ததை அப்படியே பிடித்துக்கொள்வது, பெந்தெகொஸ்தே போன்ற சபைக்கு மாறுவது, எல்லாவற்றையும் விட்டுவிடுவது, கத்தோலிக்கக் கோயிலை விடாமல் படித்ததை மறுபடி யோசிப்பது. நான் நாலாவதில் நிற்கிற கத்தோலிக்கன். மனைவி வீட்டார் சைவர். அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு நாள் படைப்பு, பரிணாமம் எல்லாம் இங்கே பெரிய சிக்கல் இல்லை. அதனால் கோயிலை விட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. உரசல் வருவது செத்தவீட்டில்தான்.

சொந்தத்தில் பாதிப்பேர் சைவர் என்பது எங்களைப் போன்ற வீடுகளில் சாதாரணம். மாமி இறந்தபோது, ஞானஸ்நானம் பெற்ற என் மகள், சைவச் செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தத்தைப் பிடிக்கலாமா என்று பேச்சு வந்தது. உள்ளே திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடி, சடங்குக்கான சுண்ணப்பொடி இடிக்கிறார்கள்; மகள் என் கையைச் சுரண்டி, “அம்மம்மா மோட்சம் போவாவோ?” என்று கேட்டாள்.

பழைய வழியில் பதில் தயார்: திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை. நோய், துக்கம் என்றால் அந்த வழி தரும் உறுதி பெரிது, மறுக்கமாட்டேன். ஆனால் பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சபைக்காரர் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு முதலில் வந்து நிற்பவர்கள். ஆனாலும் நான் அறிந்தவர்கள் அன்றைக்குக் கேற்றடியைத் தாண்டவில்லை. எல்லாச் சபையும் அப்படியா என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. விட்டுவிட்டவருக்குப் பந்தம் பிடிக்கத் தடையில்லை. மகளின் கேள்விக்குத்தான் பதில் இல்லை. விலகிய என் கூட்டாளிகள் பெரும்பாலும் வெளிநாட்டில். படுக்கையில் விழுந்தால் அவர்களுக்கு எது துணை என்று நான் கேட்டதில்லை.

மறுபடி யோசிப்பது ஏதோ புதுநாகரிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. திருச்சபையே செய்த வேலை அது. 1963இல் உடலை எரிக்க அனுமதி வந்தது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர் மீட்படையலாம் என்று 1964இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. அடுத்த வருடமே இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் தள்ளுவதில்லை என்றது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மாமி கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர் இல்லை. அப்படியானால் ‘அறியாதவர்’ என்ற கணக்கில் அவர் வருவாரா? கேள்விப்படுவது வேறு, அறிவது வேறு என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளைகளை நாங்கள் நடத்திய விதத்தைப் பார்த்து, அவர் அறியாமல் போனதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மம்மா கும்பிட்டவர் அவரைக் கைவிடமாட்டார் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் பந்தம் பிடித்தாள். இரவு வீட்டில் செபமாலை சொன்னோம்.

இந்த வழிக்குப் பராமரிப்புச் செலவு அதிகம். பங்குத்தந்தை மாறினால் பிரசங்கத்தின் தொனியும் மாறிவிடும். ஒருவர் தேற்றியதை அடுத்தவர் பயமுறுத்திக் கலைப்பார். நீங்களே வாசிக்க வேண்டும், எங்கே நிற்பது என்றும் தெரியவேண்டும். கிறிஸ்துவின் உயிர்ப்பு என்ற நம்பிக்கையில் நான் கைவைக்கவில்லை. வாசிக்க நேரமில்லாதவருக்குப் பழைய வழியே நல்லது என்பேன். மகள் இப்போது உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்துக்குப் படிக்கிறாள். நரகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது.