அட்மிஷன் டோக்கன் என்று 40,000 கொடுத்து ஏமாந்தோம்

2024 மே 6, என் பையனுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். மறுநாள் காலையிலேயே இன்ஜினியரிங் சீட் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கரிடமிருந்து போன். நம்பர் எப்படிக் கிடைத்ததோ! அசோக் நகரில் மாடி ஆபீஸ், ஏசி, ஃபில்டர் காபி.

அந்த ஆள் ஒரு ஏ4 தாளில் நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்ட் யுனிவர்சிட்டி), வலப்பக்கம் இன்னொன்று. "இது டஃப் சார், வருஷத்துக்கு நாலு லட்சம். அது ஈஸி, ரெண்டரைதான். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நாலு சீட்தான் பாக்கி." ஹாஸ்டல் சேர்த்தா என்று என் மனைவி கேட்டாள். "அதெல்லாம் பேசிக்கலாம் மேடம்." அப்போதே எழுந்து வந்திருக்கணும். நான் அங்கேயே உட்கார்ந்து, சீட்டுக்கு டோக்கன் என்று ஜிபேயில் 40,000 அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து நேராக அந்த 'ஈஸி' வளாகத்துக்கே போனோம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அப்ளிகேஷன் நம்பரைத் தட்டிப் பார்த்த பெண், அப்படி ஒன்று இல்லை என்றார். "தம்பி இன்னும் என்ட்ரன்ஸே எழுதலையே சார், எப்படி சீட்?"

அந்த ரெண்டரையும் முதல் வருஷச் சலுகைக் கணக்காம். 'டஃப்' என்றாலே காஸ்ட்லி என்பதும் பொய். ரேங்க்கை வைத்துக் கட்டணத்தைப் பிரிக்கிற இடங்கள் உண்டு, வேலூர் வி.ஐ.டி.யில் ஒரே படிப்புக்கே ஐந்து வகைக் கட்டணம். ரேங்க் நன்றாக இருந்தால் குறைவு, பின்னால் போகப் போக ஏறும். கடைசி வகையின் தொகையை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதுதான் இவர்கள் வித்தை.

புரோக்கரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதைக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் 'கவுன்சலிங் சர்வீஸ் சார்ஜ், திருப்பித் தரப்படாது'. அந்த வருஷம் செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரணும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருந்தது. ஆனால் அது கல்வி நிறுவனத்துக்குக் கட்டின பணத்துக்கு. நாங்கள் கட்டியது இவர் சொந்த நம்பருக்கு.

இதைவிட வயிறு எரிந்தது வேறு. "அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங் எதுக்கு சார், வீண்" என்று அவர் சொன்னதை நம்பிச் சும்மா இருந்தோம். அக்கா பையன் சத்தம் போட்டதால் அரசு நடத்துகிற அந்த இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கடைசி நேரத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். அதில்தான் இடம் கிடைத்தது. டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்கு 55,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்கிலேயே வராது என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கி வைத்திருக்கிறோம். பணம் வரவில்லை. அந்த ஆபீஸிலிருந்து போன மாசம் ஒரு பெண் கூப்பிட்டு, "வீட்ல அடுத்த வருஷம் ப்ளஸ் டூ முடிக்கிறவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்றார்.