பெரியம்மாவுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

பெரியம்மா மெயில் எழுதினால் வார்த்தைகளுக்கு நடுவே ஏழெட்டு இடைவெளி விழும். காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. சர்க்கரை நோயால் இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர். லேப்டாப்பில் எழுத்து தெரிய வேண்டுமென்றால் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். அப்படிக் குனியும்போது கழுத்துச் சங்கிலி தொங்கி ஸ்பேஸ் பாரில் உட்கார்ந்துவிடும்.

லேப்டாப் வேண்டாம் என்று அன்றே முடிவானது. மிச்சம் நான்கு வழிகள்: பெரிய மானிட்டரோடு விண்டோஸ் டெஸ்க்டாப், ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப்பான மேக் மினி, கூகுளின் க்ரோம்புக் (லேப்டாப் வடிவம்தான், ஆனால் வெளி மானிட்டர் செருகலாம்), டேப்லெட். கடைகளிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் பெரியம்மாவையே உட்காரவைத்துப் பார்த்தோம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி நான்கிலும் இருக்கிறது. அதனால் நான் கவனித்தது வேறு: பெரிதாக்கிய பிறகு வழிதவறினால், யாரையும் கூப்பிடாமல் அவரால் திரும்பி வர முடிகிறதா? நான்கு மடங்கு பெரிதாக்கினால் திரையின் பதினாறில் ஒரு பங்குதான் கண்ணில் படும். மீதிப் பதினைந்து பங்கில் எங்கோ ஒரு பெட்டி முளைத்து 'ஓகே'வுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பெரியம்மா 'கம்ப்யூட்டர் ஹேங்' என்று ஃபோன் செய்வார்.

முதலில் திரை, ஏனென்றால் காசு வீணாவது அங்கேதான். 15.6 அங்குல லேப்டாப்புக்கும் 27 அங்குல மானிட்டருக்கும் ஒரே 1920 × 1080 புள்ளிகள் என்றால், இரண்டிலும் அமைப்புகள் ஒன்றாக இருந்தால் மானிட்டரில் எழுத்து 1.7 மடங்கு பெரிதாகத் தெரியும். கடைக்காரர் இதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே மானிட்டரைத்தான் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். அதில் எழுத்து கூர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அமைப்புகளில் 200 சதவீதம் வைத்தால்தான் இந்த அளவுக்கு வரும். அதற்கு ஒத்துவராத பழைய மென்பொருள்களில் எழுத்து மங்கலாகவோ, சிலவற்றில் எறும்பு ஊர்வது போலவோ தெரியும். இன்னொரு கடையில் பளபளப்பான கண்ணாடித் திரை ஒன்றைக் காட்டினார்கள். அதில் பெரியம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது கடையின் டியூப் லைட் மட்டும். மங்கல் பூச்சு உள்ள திரையாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே மேசையில் முடுக்கும் மானிட்டர் கை ஒன்றும். 60 சென்டிமீட்டரில் இருக்கும் திரையை 30க்கு இழுத்தாலே எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்காகிறது. கழுத்து குனிய வேண்டாம், சங்கிலியும் கீபோர்டைத் தொடாது.

சரி, விண்டோஸ். இங்கே பெரிதாக்கப் பல வழி இருக்கிறது, வரிசை முக்கியம். அமைப்புகளில் எழுத்தின் அளவை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டலாம். பிரவுசரில் கன்ட்ரோலும் பிளஸும் அழுத்தினால் பெரும்பாலான பக்கங்களில் வரிகள் மடங்கி அமையும், பக்கவாட்டில் நகர்த்தும் அவஸ்தை குறையும். இவை போதாதபோதுதான் திரையையே பெரிதாக்கும் மேக்னிஃபையர்: விண்டோஸ் விசையும் பிளஸும். வெளியே வர விண்டோஸும் எஸ்கேப்பும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ஜோடிதான். எஸ்கேப் இடது மேல் மூலை, கண்ணை மூடிக்கொண்டே தொடலாம். விண்டோஸ் விசையின் மேல் பெரியம்மாவே ஒரு கல் பொட்டை ஒட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். எஃப், ஜே மேல் இருக்கும் மேட்டைத் தடவிவிட்டால் போதும், விரல்கள் தானாக ஓடும்.

மேக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அமைப்புகளில் ஒருமுறை இயக்கிவிட்டால், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரை வெண்ணெய் போல் வழுக்கிப் பெரிதாகிறது. திருப்பி உருட்டினால் பழையபடி. கமாண்ட் விசையை அழுத்தியபடி ஓர் எழுத்தின் மேல் சுட்டியை வைத்தால் அது மட்டும் பெரிய பெட்டியில் தெரியும்படியும் வைக்கலாம். வழிதவறினால் திரும்பும் சோதனையில் மேக் விண்டோஸைவிட ஒரு மார்க் கூடவே வாங்கியது. ஆனால் மேல்பட்டை மெனு எழுத்துக்கு இரண்டே அளவுதான், பெரியம்மாவுக்கு இரண்டுமே பத்தவில்லை. எம்4 சிப் உள்ள மேக் மினி 2024இல் இங்கே வந்தபோது விலை 59,900 ரூபாய். திரை, கீபோர்டு, மவுஸ் தனி. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் தெருவில் மேக் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு விண்டோஸ் அத்துப்படி. நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன்.

க்ரோம்புக்கில் தொலைந்துபோக இடமே குறைவு, இருப்பது பிரவுசர்தானே. செய்தி, மெயில், யூடியூப் மட்டும் போதும் என்பவருக்கு மலிவான நல்ல வழி. ஆனால் திரை பெரும்பாலும் சின்னது, வெளி மானிட்டர் செருகவேண்டி வரும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் உண்டு. பழைய சரக்கு வாங்கினால் அந்தக் காலக்கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட்டைக் கையில் எடுத்து மூக்கருகே பிடிக்கலாம், கேமராவை மருந்து அட்டை மேல் காட்டி எக்ஸ்பயரி தேதி படிக்கலாம். இந்த இரண்டாவது விஷயத்தில் மற்ற மூன்றும் கிட்ட வர முடியாது. ஆனால் ஐபேடில் திரையைப் பெரிதாக்க மூன்று விரலால் இரண்டு தட்டு. விசைக்கு ஓர் இடம் உண்டு, பொட்டு ஒட்டலாம். தட்டலுக்கு இடம் இல்லை. நடுங்கும் கை தெரியாமல் தட்டிவிட்டால், என்ன நடந்தது என்றே பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

இனி குரல், அதாவது திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டுவது. பார்வை கொஞ்சம் இருப்பவருக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். தமிழில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. 'கொடி'க்கும் 'கோடி'க்கும் கொம்பில் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் மறைவது. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதவில்லை. அரை மணி நேரத்தில் கண் களைத்துவிடும், பிறகு கேட்பதுதான் சுகம். விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். மேக்னிஃபையர் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், என்டர் மூன்றையும் அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். பார்வை மேலும் குறைந்தால், திரை முழுவதையும் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது, முழுக்க இலவசம். கூடவே வரும் இஸ்பீக் குரலும் தமிழ் பேசும், ரோபோ மாதிரி. வேண்டாமென்றால் அதிலும் வள்ளுவரையே வைத்துக்கொள்ளலாம். ஜாஸ் இதே வேலைக்கான பழம்பெரும் மென்பொருள், ஆனால் வீட்டுக்கு அந்த விலை அதிகம். மேக்கில் இதே வேலை செய்யும் வாய்ஸ்ஓவர் 2005இலிருந்தே உள்ளே இருக்கிறது.

இவ்வளவும் பெரியம்மாவின் கண்ணுக்கு. என் மாமாவுக்கு க்ளாகோமா: நடுவே நன்றாகத் தெரியும், பக்கங்கள் போய்விட்டன. அவரை அந்த 27 அங்குலத்தின் முன் உட்காரவைத்தபோது தடுமாறினார். எழுத்து பெரிதாகப் பெரிதாக, அவருடைய ஜன்னலுக்குள் ஒரு முழு வார்த்தைகூட அடங்கவில்லை. 24 அங்குலத் திரையைத் தள்ளி வைத்து, எழுத்தைச் சாதாரண அளவில் விட்டு, மவுஸ் சுட்டியை மட்டும் பெரிதாகப் பச்சை நிறத்தில் மாற்றியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்புரையால் வெளிச்சம் கூசுகிறவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தே பெரும்பாலும் உதவும். அதனால் கடைக்கு முன்னால் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இருக்கும் குறைபார்வைப் பிரிவுக்குப் போய் எத்தனை மடங்கு தேவை என்று கேட்டுவிடுங்கள்.

நாங்கள் வாங்கியது அலுவலகத்தில் ஓடிய ஒரு பழைய டெஸ்க்டாப், புது 27 அங்குல மானிட்டர், கை. பழையது வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேளுங்கள்; விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பெரியம்மா இப்போது தானே செய்தித்தாள் படிக்கிறார், மெயிலில் இடைவெளி ஒன்றுதான் விழுகிறது. கோணல்மாணல் எழுத்தைப் படித்துக் கட்டத்தில் அடிக்கச் சொல்லும் கேப்சாவும், பெட்டியைத் தேடிப் பிடிப்பதற்குள் காலாவதியாகும் ஓடிபியும் மட்டும் இந்த நான்கில் எதற்கும் அடங்கவில்லை. அதற்கு இன்னும் எதிர்வீட்டுப் பையன்தான்.