மரத்தரையோடு ஏழு ஆண்டுகள்: பலகை போடுவதற்கு முந்தைய வாரங்கள்

வீட்டுக்கு மரத்தரை போட்டு ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஹாலும் படுக்கையறையும் இன்றும் கண்ணுக்கும் காலுக்கும் இதமாக இருக்கின்றன. படிப்பறைதான் எங்களை ஒரு வருடத்துக்கும் மேல் அலைக்கழித்தது. மூன்று அறைக்கும் ஒரே ஓக் மரம், ஒரே தச்சர். ஆனால் படிப்பறையில் மட்டும் நாங்கள் பொறுத்திருக்கவில்லை.

மரம் தேடக் கிளம்பியபோது எனக்கு நிறம்தான் பெரிதாகத் தெரிந்தது. மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் ஒரு வாரம் தரையில் போட்டுப் பார்த்ததில்தான் வால்நட் மோகம் தெளிந்தது. எங்கள் வீட்டில் நாற்காலிகள் நகர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் எதையாவது கீழே போடுவார்கள். மரத்தின் கடினத்தை அளக்க ஜான்கா என்றொரு அளவு உண்டு. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன் பாதி விட்டம் வரை மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதுதான் கணக்கு. பவுண்டு விசைக் கணக்கில் வால்நட் சுமார் 1010, சிவப்பு ஓக் 1290, ஹார்டு மேப்பிள் 1450. பள்ளம் விழுவதை இந்த எண் ஓரளவு சொல்லிவிடும். கீறல் விழுவதைச் சொல்லாது, ஏனென்றால் கீறலை முதலில் வாங்குவது மேலே உள்ள பூச்சு. அதனால் பளபளப்புப் பூச்சை விட்டுவிட்டு மங்கலான மேட் பூச்சைக் கேட்டு வாங்கினோம். ஏழு வருடக் கீறல்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரிகின்றன.

லேமினேட் வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தோம். அது அழுத்திய மரத்தூள் பலகைமேல் மர ரேகை அச்சிட்ட தாள். தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்க வழியில்லை. பிளைவுட் போன்ற அடிப்பலகைமேல் அசல் மர அடுக்கை ஒட்டிய இன்ஜினியர்டு வுட் நல்ல தேர்வுதான், கான்கிரீட் தரைக்கு அதையே முதலில் பார்க்க வேண்டும் என்றும் சொல்வேன். மேலடுக்கின் தடிமனைக் கேட்காமல் மட்டும் வாங்காதீர்கள். 1 மி.மீ. அடுக்கை இழைக்கவே முடியாது, 4 மி.மீ. இருந்தால் ஓரிரு முறை தாங்கும். நாங்கள் கான்கிரீட்டின் மேல் ஈரம் தடுக்கும் விரிப்பு, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் 18 மி.மீ. முழுமரப் பலகை என்று போனோம்.

பலகையின் அகலத்தில் எனக்கும் தச்சருக்கும் வாக்குவாதமே நடந்தது. எனக்கு அகலப் பலகைமேல் ஆசை. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது, அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும். சாதாரணமாக அறுத்த 125 மி.மீ. சிவப்பு ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் கிட்டத்தட்ட 2 மி.மீ. மாறிவிடும். மழைக்கும் கோடைக்கும் நடுவே அந்த இடைவெளி கண்ணை உறுத்தும். கடைசியில் 90 மி.மீ.க்கு ஒப்புக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

பலகைக் கட்டுகள் வந்து இறங்கியதும் வேலை தொடங்கிவிடும் என்று நினைத்தேன். அவரோ, "சார், கட்டைப் பிரிச்சு, காத்துப் போற மாதிரி இடைவெளி விட்டு அடுக்குங்க. நாள் கணக்குப் பாக்காதீங்க, மீட்டர் சொல்லட்டும்" என்றார். ஈரமானியை அவரே கொண்டுவந்து பிளைவுட்டிலும் பலகைகளிலும் குத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எங்கள் பலகை அகலத்துக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வர வேண்டும்; வர 12 நாள் ஆனது. இன்னொரு சோதனையையும் அவர்தான் காட்டினார். பிளைவுட் போடும் முன்பே கான்கிரீட்டின் மேல் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுவது. காலையில் தாளுக்கு அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ நிறுத்திவிட வேண்டும். வியர்க்கவில்லை என்பதற்காக முழுக்க நம்பிவிடவும் கூடாது. கான்கிரீட்டுக்குள் துளையிட்டு அளக்கும் சோதனை இன்னும் உறுதியானது.

படிப்பறையை அப்போதுதான் சுவர் இடித்துப் பெரிதாக்கியிருந்தோம். புதிய கான்கிரீட் போட்டு ஐந்து வாரம்தான். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் உலர வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு; எங்களுடையது 100 மி.மீ. தச்சர் தயங்கினார். வீட்டில் விசேஷம் நெருங்குகிறது, தொட்டால் காய்ந்துதானே இருக்கிறது என்று வற்புறுத்தியது நான்தான். அந்த அறைக்கு பிளாஸ்டிக் சோதனை செய்யவில்லை, விரிப்பின் இணைப்புகளையும் அவசரத்தில் சரியாக ஒட்டவில்லை. மூன்றே மாதத்தில் பலகைகளின் ஓரங்கள் எழும்பி நடு குழிந்துவிட்டது. வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு பலகையும் தட்டுப்பட்டது.

உடனே இழைத்துச் சமமாக்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. ஈரத்தோடு ஓரங்களைச் சீவிவிட்டால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாக நின்றுவிடும். அடியில் உள்ள ஈரம் அடங்கும் வரை மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். பதினான்கு மாதத்தில் பெரும்பாலான பலகைகள் தாமாகவே படிந்தன. நான்கை மாற்ற வேண்டியிருந்தது. அறையின் அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. ஆனால் கட்டுக்குள் இருட்டில் இருந்த பலகைக்கும் வெளிச்சம் பட்ட தரைக்கும் நிறம் ஒட்டவில்லை. அது கலந்துவர மேலும் ஒரு வருடம் பிடித்தது. மிச்சப் பலகைகளில் சிலவற்றை வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருங்கள்.

பலகைக்கு அடியில் உள்ள தரையின் மட்டமும் முக்கியம்: 3 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. ஹாலில் ஒரு மூலையை அப்படித் தேய்த்துச் சமமாக்கினோம், இன்றுவரை அங்கே கிரீச் சத்தமில்லை. சுவரோரம் 18 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்தோம். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அடித்தால் மரம் அசைய இடமிருக்காது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், நன்றாகப் பிழிந்த துணி. ஸ்டீம் மாப் பக்கமே போவதில்லை. சமையலறை வாசலருகே பூச்சு மெலிந்துவருகிறது. மரம் வெளியே தெரிவதற்குள் லேசாக உப்புத்தாள் பிடித்து ஒரு மேல்பூச்சு கொடுத்தால் போதும், முழுவதும் இழைக்கத் தேவையில்லை. வருகிற வறண்ட மாதத்துக்கு அதே தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.