மனிலாவில் இருவருக்கு ஒரு மேசை: எந்த உணவகம்?

பிலிப்பினோ சமையல் இரண்டு பேருக்கென்று உருவானதல்ல. கிரிஸ்பி பாத்தா கேட்டால், வேகவைத்துப் பொரித்த முழுப் பன்றிக்கால் வரும்; நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். வேர்க்கடலைக் குழம்பில் வெந்த இறைச்சியான கரே-கரே சட்டி நிறைய வரும். பாட்டி, மாமா, பேரப்பிள்ளைகள் என்று மேசை நிறைய உட்கார்ந்து, நடுவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாப்பாடு அது. அப்படியொரு குடும்ப உணவகத்துக்கு ஒரு ஜோடி மட்டும் இரவில் போவதென்றால் எங்கே போகலாம்? மனிலாவுக்குக் கிளம்பும் நண்பர்களிடம் நான் சொல்வது மூன்று பெயர்கள்: பார்பராஸ், அரிஸ்டோக்ராட், ரொமுலோ கஃபே. மூன்றுமே பழமையைப் பேசுபவை. ஆனால் பழமை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

பார்பராஸில் அது கட்டடத்தில் இருக்கிறது. மதில் சூழ்ந்த பழைய நகரமான இன்ட்ராமுரோஸில், சான் அகுஸ்தின் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது இந்த உணவகம். 1945இல் நடந்த மனிலா போரில் இந்தப் பகுதி ஏறக்குறைய முழுவதும் தரைமட்டமானது. 1607இல் கட்டி முடித்த அந்தத் தேவாலயம் தப்பி நின்றது. உணவகம் இருக்கும் பிளாசா சான் லூயிஸ் வளாகம் போருக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஸ்பானியர் கால வீடுகளின் சாயலில் கட்டப்பட்டது. பழைய வீடு இல்லை, பழைய வீட்டின் நினைவு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இழந்ததை ஓர் ஊர் திரும்பக் கட்டிக்கொண்டதைப் பார்க்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது.

இங்கே இரவில் பஃபே, கூடவே நாட்டுப்புற நடனம். பஃபே என்பதால் இருவருக்கும் அளவுப் பிரச்சினை இல்லை; எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கலாம். தரையில் தட்டித் தட்டி அசைக்கும் மூங்கில் கழிகளுக்கு நடுவே கால் மாட்டாமல் ஆடும் தினிக்ளிங்கை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் இசையும் ஆட்டமும் நடக்கும்போது மனம்விட்டுப் பேச முடியாது. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த தம்பதிக்கு, அதுவும் மனிலாவில் ஒரே இரவு தங்குபவர்களுக்கு, இது சரி. முதல் சந்திப்புக்கு வேண்டாம். நடனம் எந்தெந்த நாளில் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிஸ்டோக்ராட்டில் பழமை தட்டில் இருக்கிறது. 1936இல் தொடங்கிய கடை. ‘ஆலிங் ஆசியாங்’ என்று ஊரே அழைத்த எங்ராசியா குரூஸ்-ரேயஸ், லுனேட்டா பூங்காவில் வண்டியில் வைத்து அடோபோ (வினிகரும் சோயா சாஸும் சேர்த்து வேகவைத்த இறைச்சி) சாண்ட்விச் விற்றதிலிருந்து வளர்ந்தது. வீட்டுச் சமையலுக்கு உணவகத்தில் மதிப்பில்லாத காலத்தில் அதையே துணிந்து பரிமாறியவர் அவர். மலாத்தேயில், ரோஹாஸ் பூலவார்டில் இருக்கும் கிளைக்குப் போங்கள். உள்ளே நல்ல வெளிச்சமும் குழந்தைகளின் சத்தமும் இருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் இருவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. அவர்களுடைய புகழ்பெற்ற சிக்கன் பார்பெக்யூ ஆளுக்கொரு தட்டாக வருகிறது: மஞ்சள் நிற ஜாவா ரைஸ், வேர்க்கடலைச் சாஸ், அச்சாரா என்ற பப்பாளிக்காய் ஊறுகாய். (இலங்கைத் தமிழர்கள் சொல்லும் அச்சாறும் இந்த அச்சாராவும் ஒரே சொல்தான்.) எவ்வளவு வாங்குவது, யார் மிச்சம் வைப்பது என்ற சங்கடமே இல்லை. மாலை ஐந்து மணிக்கே போய், மனிலா விரிகுடாவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள். அதிகம் பழகாத இருவருக்கு இதைவிட நல்ல மாலை எனக்குத் தெரியவில்லை.

ரொமுலோ கஃபேயில் பழமை சுவரில் இருக்கிறது. 1949இல் ஐ.நா. பொதுச் சபைக்குத் தலைமை வகித்த கார்லோஸ் பி. ரொமுலோவின் பேரப்பிள்ளைகள் தொடங்கியது. சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். சில உணவுகளுக்கு வீட்டார் பெயர்களே: எலும்பை எடுத்து உள்ளே கறி அடைத்த கோழி ‘லோலா வர்ஜீனியா’வின் பெயரில் இருக்கிறது. லோலா என்றால் பாட்டி. ஒரு படத்தைப் பார்த்து “இது யார்?” என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நம் வீட்டுப் பாட்டிகளிடம் வந்துவிடும். திருமண நாளுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

ஆனால் இங்கே அளவு பெரிது. இருவருக்கு ஒரு சினிகாங் சூப், ஒரு கறி, சோறு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். புளி கரைத்த சினிகாங் நம் நாக்குக்கு முதல் கரண்டியிலேயே பழகிவிடும். கரே-கரே பெரும்பாலும் மாட்டுவாலில் செய்வது. சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்கவும். உடன் வரும் பாகூங், அதாவது உப்பிட்டு நொதித்த இறால் விழுதை, துளியாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். கொட்டிக் கலந்தால் சட்டியே உப்பாகிவிடும்.

பார்பராஸுக்கே போகிறவர்களுக்கு ஒன்று: அதே இன்ட்ராமுரோஸில், ஜெனரல் லூனா தெருவில் இலுஸ்ட்ராடோ என்ற உணவகம் இருக்கிறது. அங்கே சம்பகீத்தா ஐஸ்கிரீம் கேளுங்கள். சம்பகீத்தா அவர்களின் தேசிய மலர். நம் மல்லிகைதான் அது.