குளிர் ஊரில் பனை வளர்ப்பு: தரையா, போர்வையா, தொட்டியா, பசுமைக்குடிலா?

தென்னைக்கும் பாக்குக்கும் ஒத்துவராத ஊரில் இருந்துகொண்டு, பனைக் குடும்பத்து மரம் ஒன்றையாவது வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. குளிர் தாங்கும் இனத்தைத் தரையில் நடலாம். தாங்காததை நட்டுவிட்டுக் குளிர்காலம் முழுக்கப் போர்த்திக் காக்கலாம். தொட்டியில் வைத்துக் கோடையில் வெளியே, குளிரில் வீட்டுக்குள் என்று மாற்றலாம். வசதி இருந்தால் வெப்பமூட்டிய பசுமைக்குடில் கட்டலாம்.

இவற்றை எடைபோடும்போது பலரும் முதலில் கேட்பது “எத்தனை டிகிரி வரை தாங்கும்?” என்பதைத்தான். அந்த எண் தேவைதான், ஆனால் அதை மட்டும் நம்பி மரம் வாங்கக் கூடாது. நான் பார்ப்பது ஓலைக் கணக்கு: கோடையில் எத்தனை விரிகிறது, குளிரில் எத்தனை கருகுகிறது? பனை இனங்களுக்கு உச்சியில் ஒரே குருத்து. ஓலைகள் அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். மாமரம் போலப் பக்கக் கிளை வெடித்து மீள வழியில்லை. ஒற்றைத் தண்டு மரத்தில் குருத்து அழுகினால் மரமே போயிற்று. குளிரில் ஆறு ஓலை கருகி, கோடையில் நான்கே விரிந்தால், மரம் உயிரோடு இருப்பது போலத் தெரியும். ஆனால் ஆண்டுக்காண்டு கொண்டை சிறுத்துக்கொண்டே வரும்.

இந்தக் கணக்கில் தரையில் நடும் வழிக்குத்தான் என் முதல் வாக்கு. அதற்கு நாயகன் சீனத்து டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சுனி. தண்டு முழுக்க நார் சுற்றிய விசிறிப்பனை. இதன் விதைகளை ஜெர்மானியத் தாவர ஆய்வாளர் ஸீபோல்ட் 1830-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் அனுப்பிய கன்றுகள் 1849-இல் இங்கிலாந்துக்கு வந்தன. இன்று சுவிட்சர்லாந்தின் திச்சீனோ மாநிலத்துக் காடுகளில் இது தானாகவே முளைத்துப் பரவுகிறது. நன்கு வேரூன்றிய மரம் சுமார் -15 டிகிரி வரை, குளிர் நீண்ட நாள் நீடிக்காவிட்டால், தாங்கிவிடும்.

இதற்குப் போட்டி அமெரிக்கத் தென்கிழக்கின் ஊசிப்பனை, ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ். பனைகளிலேயே குளிர் தாங்குவதில் முன்னணியில் இருப்பது இதுதான். -20 டிகிரியையும் சமாளிக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் ஊசிப்பனைதான் வெல்ல வேண்டும். ஆனால் அதற்கும் அதன் உறவான குட்டைச் சபல் மைனருக்கும் கொளுத்தும் கோடை வேண்டும். வெயில் காலமே மந்தமாக இருக்கும் கடலோரக் குளிர் ஊர்களில் அவை ஓலை விரிக்கும் வேகம் ஆமை நடை. டிராக்கிகார்ப்பஸோ மிதமான கோடையிலும் சளைக்காமல் வளரும். ஆகவே கடுங்குளிரும் கடும் வெயிலும் மாறி மாறி வரும் உள்நாட்டு ஊருக்கு ஊசிப்பனை, குளிர் மிதமாகவும் கோடை மந்தமாகவும் இருக்கும் ஊருக்கு டிராக்கிகார்ப்பஸ் என்பது என் தீர்ப்பு.

இரண்டும் விசிறி ஓலைக்காரர்கள். தென்னங்கீற்று போன்ற தோற்றம்தான் வேண்டும் என்பவர்கள் தென்னமெரிக்காவின் பியூட்டியா ஒடொராட்டாவைப் பார்க்கலாம். நீலச் சாம்பல் நிறக் கீற்றுகள் வளைந்து இறங்கும் அழகே தனி. வறண்ட குளிரில் -10 டிகிரி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். ஈரக் குளிர்தான் இதற்கு எமன். குருத்துக்குள் நீர் தேங்கி உறைந்தால், சில வாரம் கழித்து நடுக்குருத்து கையோடு பிடுங்கிக்கொண்டு வரும். மேட்டுப்பாத்தி, மணல் கலந்த மண், மழை நேராகக் குருத்தில் விழாத இடம் ஆகியவை இதற்கு உரத்தைவிட முக்கியம். பகல் வெயிலைத் தேக்கி இரவில் விடும் சுவரோரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் பிளாக்டன் கிராமத்துப் “பனைகள்” படத்தைப் பார்த்து உற்சாகப்படுபவர்கள் உண்டு. அவை நியூசிலாந்தின் கார்டிலைன் மரங்கள். பனைக் குடும்பமே இல்லை. அந்தப் படத்தை நம்பித் தென்னங்கன்று நடாதீர்கள்.

இப்போது போர்வை வழி. ஆர்வலர்கள் அதிகம் சண்டையிடும் இடம் இதுதான். ஓலைகளைத் தூக்கிக் கட்டி, தூரில் கனமாக மூடாக்குப் போட்டு, சுற்றிலும் சட்டம் அடித்து, காற்றுப் புகும் துணியால் மூடுவார்கள். உள்ளே இழை பல்புச் சரம் எரியும். எல்.இ.டி சரத்தில் வெளிச்சம்தான் வரும், போதிய சூடு வராது. வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது தானாக எரியவும், ஏறியதும் அணையவும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும்.

மெக்சிகோவின் விசிறிப்பனையான வாஷிங்டோனியா ரொபஸ்டாவுக்கு இந்த உழைப்பு தகும். ஓலை கருகினாலும் குருத்து தப்பினால், சூடான கோடையில் வேகமாக விரித்துக் கணக்கை நேர்செய்துவிடும். கேனரித் தீவின் ஈச்சமரத்துக்கும் ஓரளவு இது பொருந்தும். தென்னைக்கோ இது வீண். பல்பு காற்றைச் சூடாக்கும், மண்ணைச் சூடாக்காது. மாதக்கணக்கில் குளிர்ந்த மண்ணில் தென்னை வேர் வேலை செய்யாது. மரம் நின்ற இடத்திலேயே பட்டினி கிடக்கும். போர்வைக்குள் வெளிச்சமும் குறைவு, ஈரமும் தங்கும், அதனால் குருத்தழுகலும் எளிதில் வரும். கடுங்குளிர் இரவில் மின்சாரம் போனால் பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் முடிந்துவிடும். மரம் ஆளுயரம் தாண்டியபின் ஆண்டுதோறும் ஏணி போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். வருடத்தில் சில இரவுகளுக்கு மட்டும் தேவைப்பட்டால் போர்த்துங்கள். மாதக்கணக்கில் தேவைப்பட்டால் அந்த மரம் அந்தத் தரைக்கு உரியதல்ல.

உண்மையான வெப்பமண்டல இனம்தான் வேண்டும் என்றால் தொட்டிக்கு வாருங்கள். இங்கே குளிரைவிட இருட்டே பெரிய எதிரி. முளைத்த தேங்காயோடு விற்கும் தென்னங்கன்று, காயிலுள்ள சத்து தீரும்வரை பச்சையாக நிற்கும். பிறகு ஜன்னல் வெளிச்சம் போதாமல் ஓலை ஓலையாக இழக்கும். அதே ஜன்னலோரம், காட்டு மரநிழலில் வளர்ந்து பழகிய மெக்சிகோவின் கெமடோரியா எலிகன்ஸ் நிம்மதியாக இருக்கும். நான் பெரிதும் நேசிப்பது ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவுப் பனையான கென்ஷியாவை. விக்டோரியா காலத்து வரவேற்பறைகளின் மங்கலையும் குளிரையும் சகித்த மரம் அது. மெதுவாக வளரும், ஆனால் விரித்த ஓலையை நெடுநாள் வைத்திருக்கும். ஓலைக் கணக்கில் அதுதான் பெரிய வரவு. மடகாஸ்கரிலிருந்து வந்த, வீடெங்கும் காணும் அரிக்கா பனை வெப்பமூட்டிய வறண்ட அறையில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். அதை வைத்திருப்பவர்கள் ஓலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவ வேண்டும்.

பசுமைக்குடில் எல்லாவற்றையும் தீர்க்கும், எரிபொருள் செலவையும் உயரத்தையும் தவிர. இத்தாலியின் பாதுவா தாவரத் தோட்டத்தில் 1585-இல் நட்ட கெமரொப்ஸ் பனை இன்றும் தனக்கென ஒரு கண்ணாடிக் கூடத்தில் இருக்கிறது. குட்டை இனம் என்பதால் அது சாத்தியமாயிற்று. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த சிலிப் பனை கூரையை முட்ட, கடைசியில் வெட்ட வேண்டியதாயிற்று. வீட்டளவுக் குடிலில் தென்னை நடுபவர் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

தொட்டிக்காரர்கள் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்துங்கள். ஆழமான தொட்டி வையுங்கள், தொட்டி மாற்றுவதைச் சூடான பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வசந்தத்தில் வெளியே எடுத்ததும் நேர் வெயிலில் வைத்தால் ஓலை வெளுத்துக் கருகும். முதலில் நிழலில் வைத்து, இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள்.