வேறு புத்தகத்துக்கு எழுதிய ரிவ்யூக்கள்: கோஸி மிஸ்டரி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ஆன்லைனில் கோஸி மிஸ்டரி நாவல் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் வாசகர் கருத்து, நாலரை நட்சத்திரம் என்று போட்டிருந்த பக்கத்தில் 499 ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினேன். அந்தக் கருத்துகளுக்கும் வீட்டுக்கு வந்த புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் வேறொரு நாவலைப் படித்தவர்கள் எழுதியவை. அது போதாதென்று, வந்த புத்தகத்தில் கொலை செய்தது யார் என்பதே இல்லை. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் போடவில்லை, ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

இந்த வகை நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அங்கே ஒரு கொலை நடக்கும். ரத்தம், சித்திரவதை எதையும் விவரிக்க மாட்டார்கள். துப்பறிகிறவர் போலீஸ் இல்லை, பேக்கரி நடத்துகிறவரோ நூலகரோ வயதான ஒரு பெண்ணோ இருப்பார். மிஸ் மார்ப்பிள் என்ற வயதான பெண் துப்பறிகிற நாவல்களில் முதலாவதாக அகதா கிறிஸ்டி 1930 இல் எழுதியதில் வரும் செயின்ட் மேரி மீட் கிராமத்தை இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லலாம். அமெரிக்காவில் எழுதுகிறவர்கள் அதை மெய்ன் கடற்கரை ஊர்களுக்கும் மினசோட்டாவின் பனி ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். ஊர் எங்கே இருந்தாலும் இந்தக் கதைகளை எடுக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: கடைசியில் உண்மை வெளியே வரும், அதற்கான தடயம் முன்னாலேயே நம் கண்ணில் பட்டிருக்கும். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929 இல் இதற்குப் பத்து விதிகளே எழுதிவைத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிகிறவர் கண்டுபிடிக்கும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்த எழுத்தாளர்கள் வாசகரை ஏய்க்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். தொடராக எழுதினாலும் இன்றைக்கும் நல்ல எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காதல், குடும்பச் சண்டை எல்லாம் அடுத்த பாகத்துக்குப் போகும், கொலை மட்டும் அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும்.

நான் வாங்கியது என் பெரியம்மாவுக்காக. பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு டிவி பார்க்கப் பிடிக்காமல், கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சான இந்த மாதிரி நாவல்களைத்தான் விரும்பிப் படிக்கிறார். கொலைக் கதைதான், ஆனால் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்.

பக்கத்தில் மேலே நின்ற ரிவ்யூக்கள் அவருக்கென்றே எழுதினது மாதிரி இருந்தன. கதாநாயகி ஒரு நூலகர், பனிக்காலத்து ஊர் கண்முன் நிற்கிறது, கொலைகாரரைக் கடைசி அத்தியாயம் வரை ஊகிக்க முடியவில்லை, பின்னால் இருக்கும் சமையல் குறிப்புகளில் இஞ்சி கேக் ரொம்ப நன்றாக வந்தது. இவ்வளவு விவரமாக எழுதியிருப்பவர்கள் புத்தகத்தைப் படிக்காமல் எழுதியிருக்க முடியாது. உண்மையில் அவர்கள் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. படித்த புத்தகம்தான் வேறு.

வந்த புத்தகத்தில் நூலகர் இல்லை, மெழுகுவத்திக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பனி இல்லை, கதை நடப்பது ஆகஸ்ட் மாதம். பின்னால் சமையல் குறிப்பு ஒன்றுகூட இல்லை. விற்பனைப் பக்கத்தில் 280 பக்கம் என்று போட்டிருந்தார்கள், வந்தது 150 பக்கம்கூடத் தேறாது, அதிலும் ஓரத்தில் பாதி இடம் காலி. ஒரு பாத்திரத்தின் பெயர் நடுவில் மாறுகிறது, செத்துப்போனவரின் தம்பி பத்துப் பக்கம் கழித்து மருமகன் ஆகிவிடுகிறார். இதைக்கூட மோசமான எழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு கடிதத்தைப் பிரித்து, அதிலிருக்கும் பெயரைப் பார்த்து அதிர்ச்சியடைகிறாள், அதோடு கதை நிற்கிறது. அடுத்த பக்கம் இரண்டாம் பாகத்துக்கான விளம்பரம். இது தொடரின் முதல் பாகம் என்பதோ, கொலைக்கு இதில் விடை இல்லை என்பதோ அட்டையிலும் இல்லை, விற்பனைப் பக்கத்திலும் இல்லை.

பெரியம்மா போன் பண்ணினார். "ஏளா, கடைசிப் பக்கத்தக் கிழிச்சுட்டு அனுப்பிட்டானா? கொன்னது யாருன்னே போடலியே" என்று கேட்டார். பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தாராம். "இல்ல பெரியம்மா, புத்தகமே அவ்வளவுதான்" என்று சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஒரு வாரமாக, யார் கொன்றிருப்பார்கள் என்று யோசித்து, மருத்துவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்று தினமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு ரிவ்யூவாகப் பார்த்தேன். புத்தகத்தின் உள்ளே காப்புரிமை ஆண்டு 2024 என்று இருக்கிறது. பாராட்டி எழுதிய ரிவ்யூக்களில் பெரும்பாலானவை 2017, 2018, 2019 ஆம் ஆண்டுகளில் எழுதியவை. புத்தகம் பிறப்பதற்கு முன்பே அதைப் படித்துவிட்டுப் புகழ்ந்திருக்கிறார்கள்! வாசகர்கள் போட்ட போட்டோக்களைத் திறந்தால் அட்டையே வேறு. ஒரு போட்டோவில் பின் அட்டையின் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகக் கொடுக்கும் பதின்மூன்று இலக்க எண், தெளிவாகத் தெரிந்தது, அது என்னிடம் இருக்கும் புத்தகத்தின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. 2024க்குப் பிறகு வந்த கருத்துகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம்தான், அதில் பாதிக்கு மேல் ஒற்றை நட்சத்திரம். "முடிவே இல்லை", "ரிவ்யூவில் சொன்ன கதை இது இல்லை" என்று எனக்கு முன்னாலேயே ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய பாராட்டுகளின் அடியில் அவை புதைந்து கிடக்கின்றன.

இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்றால், ஒரே புத்தகத்தின் பேப்பர்பேக், ஹார்ட்கவர், மின்னூல், பெரிய எழுத்துப் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் வசதி விற்பனைத் தளங்களில் உண்டு, சேர்த்தவுடன் எல்லாப் பதிப்புகளின் கருத்துகளும் ஒன்றாகிவிடும். வாசகருக்கு உபயோகமான வசதிதான். அதில் நன்றாக விற்ற ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தில், சம்பந்தமில்லாத புதுப் புத்தகத்தை இன்னொரு பதிப்பு மாதிரி நுழைத்துவிடுகிறார்கள். நல்ல பெயர் எடுத்த மெஸ்ஸை விலைக்கு வாங்கி, சமையல்காரரை அனுப்பிவிட்டு, பழைய போர்டை மட்டும் விட்டுவைப்பது மாதிரி. புத்தகத்தில் மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் ஒரு வைட்டமின் நிறுவனம் இப்படிப் புதுப் பொருள்களைப் பழைய பொருள்களின் விற்பனைப் பக்கத்தில் சேர்த்ததற்காக 2023 இல், வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே கமிஷன் 2024 ஆகஸ்டில் போலி ரிவ்யூக்களைத் தடை செய்து ஒரு விதி கொண்டுவந்து, அக்டோபர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது, இல்லாத ஆள் பெயரில் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம், ஆனால் ஒரு பொருளின் ரிவ்யூவை இன்னொன்றுக்கு மாற்றிப் போடும் இந்த மோசடிக்கென்று முதலில் எழுதியிருந்த பகுதியை இறுதி விதியில் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

புத்தகத்துக்குள் ஒரு சின்ன அட்டையும் இருந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஐந்து நட்சத்திரம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் 100 ரூபாய் கிஃப்ட் கார்டு தருவார்களாம். அதைப் படித்ததும், புதிதாக வந்திருந்த ஐந்து நட்சத்திரங்கள் ஏன் எல்லாமே "நல்ல புத்தகம்", "சூப்பர்" என்று ஓரிரு வார்த்தையோடு நிற்கின்றன என்பது புரிந்துவிட்டது. வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி வாங்கி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதுகிறவர்களை இதோடு சேர்க்காதீர்கள். அது பதிப்புலகில் காலங்காலமாக இருக்கும் நேர்மையான வழக்கம், பிடிக்கவில்லை என்றாலும் அவர்கள் எழுதலாம்.

திருப்பிக் கொடுக்கப் போனால் அது ஒரு தனிப் பாடு. சேதமாகியிருந்தாலோ தவறான புத்தகம் வந்திருந்தாலோதான் மாற்றித் தருவோம் என்றார்கள். விற்பனைப் பக்கத்தில் சொன்ன புத்தகம் இது இல்லையே என்று கேட்டால், தலைப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று பதில். பக்க எண்ணிக்கை வித்தியாசத்தைக் காட்டினேன், பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்றார்கள். சாட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். விற்பனையாளருக்கு நேரடியாக எழுதியதும், எதிர்மறையாக எதுவும் எழுதாமல் இருந்தால் பாதிப் பணம் தருகிறோம் என்று பதில் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அடுத்து வாங்குகிறவருக்கும் ஒரு பெரியம்மா இருப்பார் இல்லையா?

இதையெல்லாம் ரிவ்யூவாக எழுதிப் போட்டேன், விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். விற்பனையாளரைப் பற்றியோ டெலிவரியைப் பற்றியோ எழுதினால் பொருளுக்கான ரிவ்யூவில் ஏற்க மாட்டார்களாம். அதனால் நீங்கள் எழுதும்போது புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: கொலைக்கு விடை இல்லை, இத்தனை பக்கம்தான், காப்புரிமை ஆண்டு இது, மேலே இருக்கும் ரிவ்யூக்களில் வரும் நூலகர் இந்தக் கதையில் இல்லை. இப்படித் திருத்தி எழுதி, ஐஎஸ்பிஎன் தெரியும்படி ஒரு போட்டோவும் சேர்த்த பிறகு என்னுடையது வெளியானது.

நம் ஊரிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பனையாளர் தன்னையே நுகர்வோர் போலக் காட்டி ரிவ்யூ எழுதக் கூடாது, பொருளின் தரத்தையோ அம்சங்களையோ தவறாகக் காட்டவும் கூடாது. தளம் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும், சாட்டில் மன்றாடிக்கொண்டிருக்காமல் நேராக அவருக்கு மெயில் போடுங்கள். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதைக் கொண்டுவந்தார்கள், கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோஸி மிஸ்டரி ரிவ்யூக்களை இப்போது நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. நட்சத்திரச் சராசரியைப் பார்ப்பதில்லை. தேதிப்படி வரிசைப்படுத்தி, புத்தகம் வெளியான ஆண்டுக்கு முந்தைய ரிவ்யூ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பழைய நாவலின் மறுபதிப்பாக இல்லாதபோது அப்படி ஒன்று இருந்தாலே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். ரிவ்யூக்களுக்குள் தேடும் இடத்தில் 'கிளிஃப்ஹேங்கர்' (கதையை முடிக்காமல் தொங்கவிடுவது) என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள், முடிவில்லாத புத்தகமாக இருந்தால் யாராவது கோபத்தில் எழுதியிருப்பார்கள். எனக்கு அதிகம் உதவுவது மூன்று நட்சத்திரம் போடுகிறவர்கள்தான். இந்த வகையை நிறையப் படித்தவர்களாக இருப்பார்கள்: கொலைகாரரைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபை எழுத்தாளர் வேண்டுமென்றே முட்டாளாக்கியிருக்கிறார், காதல் கதை துப்பறிவதைத் தின்றுவிட்டது, ஆனாலும் ஊரும் மனிதர்களும் அருமை என்பார்கள். இப்படி ஒரு கருத்தை வைத்து, நமக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யலாம். மாதிரிப் பக்கங்களில் காப்புரிமைப் பக்கம் தெரிந்தால் ஆண்டையும் ஐஎஸ்பிஎன்னையும் விற்பனைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் புகார் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும் போயிருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடப் போகிறேன், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் விற்பனைப் பக்கம் முழுவதையும், ரிவ்யூ தேதிகள் தெரியும்படி, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். என் விஷயத்தில் 280 பக்கம் என்று இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.