கும்பகோணத்தில் ஒருநாள் செஸ் போட்டி: 400 ரூபாயும் ஆறு மூவும்

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடும்) செஸ் போட்டியில் ஆடினேன். கட்டணம் 400 ரூபாய், தோற்றாலும் வெளியேற்றாத ஸ்விஸ் முறையில் ஏழு சுற்று, ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 5 விநாடி கூடுதல். ஒன்பது மணிக்கு முதல் சுற்று என்றதை நம்பி நீடாமங்கலத்தில் விடிகாலையிலேயே பஸ் ஏறினேன், ஆரம்பித்தது பத்தே முக்காலுக்கு. யாருக்கு யாரோடு ஆட்டம் என்பதை ஒரே ஒரு தாளில் அச்செடுத்துத் தூணில் ஒட்டிவிட்டார்கள், பந்திக்கு முந்துவது போல அங்கே அத்தனை பெற்றோரும் மொய்க்க, என் போர்டு எண்ணை ஒரு பொடியன்தான் உள்ளே புகுந்து பார்த்துச் சொன்னான். செஸ் கிளாக் நாமே கொண்டுவர வேண்டுமாம். அதை வந்த பிறகு சொல்கிறார்கள்.

சரி, ஆட்டம். இரண்டாம் சுற்றில் எனக்குக் கறுப்பு, எதிரே ஒன்பது வயது இருக்கும் ஒரு பாப்பா. நான் ஆடியது காரோ-கான், 1886ல் காரோ, கான் என்ற இருவர் அலசி எழுதியதால் வந்த பெயர், கெட்டியான தற்காப்பு என்று பேர் வாங்கியது. நாலாவது மூவில் குதிரையை டி7 கட்டத்தில் வைத்தேன். அவள் ராணியை ஈ2ல் வைத்தாள். தன் மந்திரிக்குத் தானே வழியை அடைக்கிறாளே, பாவம் குழந்தை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு குதிரையை எஃப்6க்கு எடுத்தேன். டி6ல் வந்து குதித்தது அவள் குதிரை, என் ராஜாவுக்குச் செக். ஈ7 சிப்பாயால் அதை வெட்டி கிளாக்கையும் அமுக்கிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கினாள்.

ஆர்பிட்டர், அதாவது நடுவர், வந்து குனிந்து, பக்கத்து போர்டுக்குக் கேட்காத குரலில், "சார், சிப்பாய் நகர்ந்தா ராணி நேரா ராஜாவைப் பார்க்குது. அதனால வெட்ட முடியாது, மேட் சார்" என்றார். 1935ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உலக சாம்பியன் அலெகைன் இதே ஆறு மூவில் ஜெயித்ததைப் படித்தவன்தான் நான். படித்து என்ன செய்ய? எங்கள் பக்கத்துப் பூவனூரில் இருப்பவர் சதுரங்க வல்லபநாதர், ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்து மணந்தவர் என்கிறது தலபுராணம். கிளம்பும்போது ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

ஆர்பிட்டர்களுக்காகவே மறுபடியும் போவேன், நாள் முழுக்க ஒருவர்கூடக் குழந்தைகளிடம் குரலை உயர்த்தவில்லை. மதியம் கொடுத்த தயிர்சாதமும் பரவாயில்லை. நீங்கள் போவதென்றால் கிளாக்கும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப்போங்கள், ராத்திரி எட்டுக்கு முன்னால் ரயில் டிக்கெட் போடாதீர்கள். ஆறு மணிக்கு என்ற பரிசளிப்பு ஏழரைக்கும் தொடங்காததால் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன், வாசலில் அந்தப் பாப்பா ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே "அங்கிள், பை" என்றாள்.